தேவாங்கின் கண்கள் விரிந்த மதியம்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் எல்லைச் சண்டையும் இருந்தது.

கீழைக்கரடு, மேலைக்கரடு என்று அடுத்தடுத்து இரண்டு குன்றுகள். கீழைக்கரட்டில் குரங்குகள் வாழ்ந்தன. மேலைக்கரட்டில் கறுத்த முகமும் நீண்ட வாலும் கொண்ட முசுக்கள் வாழ்ந்தன. நடுவே ஓர் ஓடை. ஓடைக்குக் கிழக்கே குரங்குகளுக்கு, மேற்கே முசுக்களுக்கு என்று இரண்டு கூட்டத்தின் முன்னோர்களும் பேசி வைத்திருந்தார்கள். ஓடைக்குச் சற்றுக் கிழக்கே ஓர் அத்தி மரத்தடியில் ஊற்று ஒன்று இருந்தது. அது குரங்குகளுடையது. எங்கும் தண்ணீர் இருந்த காலம் என்பதால் அதைப் பற்றி யாரும் வாயைத் திறந்ததில்லை.

ஓர் ஐப்பசியில் விடாமல் ஏழு நாள் மழை பெய்தது. வெள்ளம் வடிந்தபோது ஓடை தடம் மாறியிருந்தது. அத்தி மரத்தைச் சுற்றிக்கொண்டு, கீழைக்கரட்டின் அடிவாரத்தை ஒட்டி ஓடியது. கிழக்கே இருந்த ஊற்று இப்போது ஓடைக்கு மேற்கே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று வருடம் மழையே இல்லை. பழைய தடமும் புதுத் தடமும் வெறும் மணலாகக் கிடந்தன. குன்றுகளில் இருந்த சுனைகள் எல்லாம் காய்ந்தன. மிஞ்சியது அந்த ஒரே ஊற்றுதான்.

"ஓடைதானே எல்லை? ஓடை எங்கே போகிறதோ எல்லையும் அங்கேதான். ஊற்று எங்களுடையது" என்றாள் முசுக்களின் தலைவி ஒச்சம்மா.

"ஓடை குடிகாரனைப் போலத் தள்ளாடிப் போனதற்கு நாங்கள் ஊற்றை இழக்க வேண்டுமா? பழைய தடம்தான் எல்லை" என்றான் குரங்குகளின் தலைவன் வீரணன்.

முதலில் ஏச்சுப் பேச்சாகத்தான் இருந்தது. பிறகு கல் பறந்தது. ஒரு மதியம், ஊற்றில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த முசுக்கள் மேல் குரங்குகள் கல்லெறிந்துவிட்டு ஓடின. முசுக்கள் எல்லாம் மரத்தில் ஏறித் தப்பின. ஏறுகிற அவசரத்தில் ஒச்சம்மாவின் மகள் பேச்சியின் மடியிலிருந்த குட்டி நழுவிப் பாறையில் விழுந்தது. பிறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டி. விழுந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. ஓடிப்போன குரங்குகளுக்கு அது தெரியாது.

மறுநாள் ஒச்சம்மா ஊற்றைச் சுற்றி முள்ளை ஒடித்துப் போட்டுக் காவல் வைத்தாள். கீழைக்கரட்டுக் குரங்குகள் விடியலில் இலையில் தங்கும் பனியை நக்கிப் பொழுதைத் தள்ளின. தாய்களுக்குப் பால் வற்றியது. குட்டிகள் கத்திக்கொண்டே இருந்தன. வீரணன் ஊற்றுக்கு நேர் மேலே, தன் குன்றின் விளிம்பில், பாறாங்கற்களைப் புரட்டி வைக்கச் சொன்னான்.

இரண்டு தடங்களுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு இருந்தது. எல்லைத் தகராறே அந்தத் திட்டுக்குத்தான். ஊற்றுக்குப் பக்கத்தில் நின்ற ஓர் உசில மரத்தில் நொடியன் என்ற தேவாங்கும் அவன் மனைவி காத்தாயியும் குடியிருந்தார்கள். அப்போதெல்லாம் தேவாங்குகள் பகலில்தான் நடமாடும். அணிலோடு போட்டி போட்டு ஓடும். வாயும் ஓயாது. நொடியனுக்கு வீரணன் ஒரு வகையில் சித்தப்பா முறை. ஒச்சம்மா இன்னொரு வகையில் அத்தை முறை. பூச்சியும் பனித்துளியும் இருந்தால் போதும் அவனுக்கு. ஊற்றில் பங்கு கேட்கப் போவதில்லை என்பதால் இரண்டு பக்கமும் அவனை நம்பியது.

"நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன்" என்றான் நொடியன்.

"போ. கல் உருண்டால் நம் மரத்துக்குத்தான் முதல் அடி" என்றாள் காத்தாயி. "ஆனால் பார்த்துப் பேசு. உனக்கு வாய் கொஞ்சம் நீளம்."

நொடியன் முதலில் வீரணனிடம் போனான்.

"அந்தக் கரிமூஞ்சிக் கூட்டத்தைப் பழைய தடத்துக்கு அந்தப் பக்கம் போகச் சொல்" என்றான் வீரணன். "இல்லாவிட்டால் கல்லை உருட்டி நசுக்கிவிடுவேன். இப்படியே போய்ச் சொல்."

நொடியன் மணலைத் தாண்டி மேலைக்கரட்டில் ஏறினான். அங்கே ஒரு பாறை நிழலில் பேச்சி உட்கார்ந்திருந்தாள். செத்த குட்டியை இன்னும் மார்போடு அணைத்திருந்தாள். அதன் மேல் உட்கார வந்த ஈயை ஒரு கையால் விரட்டிக்கொண்டே இருந்தாள். ஐந்து நாளாக அப்படித்தான் இருக்கிறாளாம்.

"என்ன சொல்லி அனுப்பினான் உன் சித்தப்பன்?" என்று கேட்டாள் ஒச்சம்மா.

நொடியன் பேச்சியைப் பார்த்தான். பிறகு, "குட்டி இறந்ததைக் கேட்டு அழுதுவிட்டார் அத்தை. தப்பு நடந்துவிட்டது, மன்னிக்கச் சொல் என்றார்" என்றான்.

பேச்சி தலையை நிமிர்த்தி, "அழுதானா?" என்று கேட்டாள்.

"அழுதார்."

அன்று சாயங்காலம் பேச்சி குட்டியைத் தரையில் கிடத்தி, அதன் மேல் இலைகளைப் பரப்பிவிட்டு, ஐந்து நாளுக்குப் பிறகு முதன்முறையாக எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

நொடியன் மரத்துக்குத் துள்ளிக்கொண்டு திரும்பினான். நடந்ததைக் கேட்ட காத்தாயி, "அவர் அப்படியா சொன்னார்?" என்றாள்.

"மனதுக்குள் அப்படித்தான் இருந்திருக்கும். கோபத்தில் வேறு மாதிரி வந்துவிட்டது. நான் அதைச் சீர்படுத்தினேன், அவ்வளவுதான். பேச்சி தண்ணீர் குடித்ததைப் பார்த்தாயா இல்லையா?"

பார்த்துத்தான் இருந்தாள்.

அடுத்த நாள் வீரணனிடம் போனபோது, குட்டி இறந்த செய்தியை நொடியன் சொன்னான். வீரணன் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தான்.

"குட்டியா? எனக்குத் தெரியாது. குட்டிகள் மேல் கல் விழக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினேன்." கொஞ்சநேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்குத் தெரியாது என்று அவளிடம் சொல். வேறு எதுவும் வேண்டாம். இது மட்டும்" என்றான்.

நொடியன் யோசித்தான். அழுதார், மன்னிப்புக் கேட்டார் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இப்போது போய், அவருக்கு அது தெரியவே தெரியாது என்று சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அதைவிட இது சின்னப் பேச்சு வேறு. அந்தச் செய்தியை அவன் கொண்டுபோகவில்லை.

அதற்கு மாறாக வீரணனிடம், "அத்தையின் கோபம் தணிந்துவிட்டது சித்தப்பா. ஊற்றை எல்லாருக்கும் திறந்துவிடும் எண்ணத்தில் இருக்கிறாள். நாலு நாள் பொறுங்கள்" என்றான். வீரணன் பொறுத்தான். கல் உருளவில்லை.

பங்குனி மாதம் முழுவதும் நொடியன் மணலில் ஓடிக்கொண்டிருந்தான். காலையில் ஒரு குன்று, மாலையில் ஒரு குன்று. ஒரு பக்கத்து ஏச்சு மறுபக்கம் போகும்போது வணக்கமாக மாறியது. மிரட்டல் விசாரிப்பாக மாறியது. ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரண்டு தலைவர்களும் ஒருவர் மேல் ஒருவர் கொஞ்சம் மரியாதை வைக்கத் தொடங்கினார்கள்.

அமாவாசைக்கு மறுநாள் ஒச்சம்மா அவனைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பக்கத்துக் குட்டிகள் கத்துவது இங்கே கேட்கிறது. என்னால் தாங்க முடியவில்லை. குட்டிகளையும் பால் கொடுக்கிற தாய்களையும் காலையில் ஊற்றுக்கு அனுப்பச் சொல். பெரிய ஆண் ஒருத்தனும் கூட வரக் கூடாது. ஊற்று எங்களுடையதுதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் குட்டிகள் வரட்டும்."

நொடியன் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினான். பாதி வழியில் கால் தயங்கியது. எல்லாருக்கும் திறந்துவிடப் போகிறாள் என்று வீரணனிடம் சொல்லியிருக்கிறான். இப்போது குட்டிகளுக்கு மட்டும் என்றால் அவன் கொதித்துவிட மாட்டானா? இவ்வளவு தூரம் கட்டி எழுப்பியது சரிந்துவிடாதா? இருவரையும் நேரில் உட்கார வைத்துவிட்டால் போதும், முகத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது.

எனவே வீரணனிடம் போய், "ஊற்று உங்களுடையது என்று அத்தை ஒப்புக்கொண்டாள். பங்குனி கடைசி நாள் உச்சி நேரத்தில் அத்தி மரத்தடிக்கு வாருங்கள். எல்லாரும் சேர்ந்து தண்ணீர் குடிக்கலாம்" என்றான்.

அங்கிருந்து ஒச்சம்மாவிடம் ஓடிப்போய், "ஊற்று உங்களுடையது என்று சித்தப்பா ஒப்புக்கொண்டார். நேரில் வந்து கேட்டு வாங்கிக் குடிக்கிறேன் என்கிறார்" என்றான்.

இரண்டு பக்கமும் மகிழ்ந்தது. நொடியனும் மகிழ்ந்தான்.

கிளம்புகிற அன்று காலை வீரணன் அவனைத் தனியே அழைத்தான்.

"வருகிறேன். குட்டிகளையும் கூட்டிவருகிறேன். ஆனால் விளிம்பில் கற்கள் அப்படியேதான் இருக்கும். என் தம்பிகள் இருவர் அங்கே காவல் நிற்பார்கள். ஒளித்து வைத்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவளிடம் இதைச் சொல்லிவிடு."

"சரி சித்தப்பா."

மணலைத் தாண்டியதும் ஒச்சம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். "விளிம்பில் அடுக்கியிருந்த கல் என்ன ஆயிற்று?"

பக்கத்தில் முசுக் குட்டிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டு, எப்போது கிளம்புவது என்று குதித்துக்கொண்டிருந்தன. பேச்சி அத்தி இலைகளைக் கொத்தாக ஒடித்து வைத்திருந்தாள், விருந்தாளிகளுக்குக் கொடுக்க.

"கல்லா? அது பழைய கோபத்தில் வைத்தது அத்தை. இப்போது அதைப் பற்றி என்ன?" என்றான் நொடியன்.

"அப்படியானால் குட்டிகள் வரட்டும்" என்றாள் ஒச்சம்மா.

உச்சி வெயிலில் இரண்டு கூட்டமும் அத்தி மரத்தடியில் வந்து சேர்ந்தன. முசுக்களே முள்ளை விலக்கின. குரங்குக் குட்டிகள் தண்ணீரைக் கண்டதும் பாய்ந்து வாயை வைத்தன. மூச்சு விடாமல் குடித்தன. முசுக் குட்டிகள் இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தன. அப்புறம் ஒன்று தண்ணீரை வாரி இறைத்தது. இன்னொன்று திருப்பி இறைத்தது. சற்று நேரத்தில் எது யார் குட்டி என்று தெரியாதபடி எல்லாம் சேற்றில் புரண்டன. பெரியவர்கள் சிரித்தார்கள். நொடியன் உசில மரத்தின் கிளையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் வாழ்நாளில் இதைவிட நல்ல நாள் வராது என்று நினைத்தான்.

வீரணன் எழுந்தான். "ஒச்சம்மா, உன் பெருந்தன்மைக்கு என் கூட்டத்தின் சார்பில் நன்றி. ஊற்றை எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாய். இனி நீங்களும் வந்து குடிக்கலாம், தடுக்க மாட்டோம்."

ஒச்சம்மா புரியாமல் பார்த்தாள். "திருப்பிக் கொடுத்தேனா? யார் சொன்னது? ஊற்று எங்களுடையது என்று நீதானே ஒப்புக்கொண்டாய்? கேட்டு வாங்கிக் குடிக்கத்தானே வந்திருக்கிறாய்?"

"நானா ஒப்புக்கொண்டேன்?"

"மன்னிப்புக் கேட்டாயே, அதுகூட இல்லையா?"

"என்ன மன்னிப்பு?"

பேச்சி எழுந்து நின்றாள். "நீ அழவில்லையா?" என்று கேட்டாள்.

இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் உசில மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். "நொடியா! என்ன சொன்னாய் நீ?"

நொடியன் வாயைத் திறந்தான். அந்த நேரத்தில் ஒரு பேச்சாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"குட்டிகளோடு எங்களை வரவழைத்து ஊற்றைப் பிடிக்கப் பார்த்தாயா?" என்று ஒச்சம்மா பல்லைக் காட்டிக்கொண்டு வீரணன் மேல் பாய்ந்தாள். முசுக்கள் எல்லாம் எழுந்தன.

மேலே விளிம்பில் நின்ற தம்பிகளுக்குக் கீழே பேசியது எதுவும் கேட்கவில்லை. அத்தி மரம் அடர்த்தியாக இருந்ததால் ஊற்றும் தெரியவில்லை. அண்ணனை முசுக்கள் சூழ்வது மட்டும் தெரிந்தது. அடித்துக் கொல்லப் போகிறார்கள் என்று நினைத்து, அடுக்கியதிலேயே பெரிய கல்லைத் தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

நொடியன் மட்டும்தான் அதைப் பார்த்தான். கல் விளிம்பைத் தாண்டியதைப் பார்த்தான். சரிவில் மோதி எழும்பியதைப் பார்த்தான். எங்கே போய் விழும் என்றும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. கத்த வேண்டும். குரல் எழவில்லை. கல் அத்திக் கிளைகளை முறித்துக்கொண்டு நேராக ஊற்றுக் குழியில் போய் இறங்கியது.

குட்டிகளின் இரைச்சல் சட்டென்று நின்றது.

யாரும் அசையவில்லை. ஒச்சம்மாவின் பல் வீரணனின் தோளில் பதிந்தபடி இருந்தது, அதை எடுக்க அவளுக்கு நினைவில்லை. கல்லின் ஓரத்திலிருந்து கலங்கிய தண்ணீர் கொஞ்சம் வெளியே வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. குழியில் மூன்று முசுக் குட்டிகளும் இரண்டு குரங்குக் குட்டிகளும் இருந்தன. அந்த இரண்டில் ஒன்று வீரணனின் மகள்.

தாய்கள் கல்லின் மேல் விழுந்து பிறாண்டினார்கள். அழுகை பிறகுதான் வந்தது.

வீரணன் ஒச்சம்மாவிடம், "கல்லைப் பற்றி உன்னிடம் சொல்லச் சொன்னேனே" என்றான். "இன்று காலைகூடச் சொன்னேனே. விளிம்பில் ஆள் இருக்கும் என்று."

ஒச்சம்மா அவனை விட்டாள். "சொல்லியிருந்தால் குட்டிகளைக் கூட்டி வந்திருப்பேனா?"

உசில மரத்தடிக்கு வந்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நொடியா, இறங்க வேண்டாம். அங்கேயே இரு. முதல் நாளிலிருந்து சொல். அவன் என்ன சொன்னான், நான் என்ன சொன்னேன். உன் சொல் ஒன்றுகூட அதில் வரக் கூடாது."

நொடியன் சொன்னான். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கரிமூஞ்சி என்றதையும், நசுக்கிவிடுவேன் என்றதையும் சொன்னான். ஒச்சம்மா ஏசிய ஏச்சுகளையும் ஒன்று விடாமல் சொன்னான். கேட்டவர்கள் யாரும் கோபப்படவில்லை. அது அவர்கள் எதிர்பார்த்ததுதான்.

வேறு இரண்டு இடங்களில்தான் அவர்களுக்கு மூச்சு நின்றது.

"குட்டி இறந்தது எனக்குத் தெரியாது என்று அவளிடம் சொல், இது மட்டும் சொல் என்றார்" என்று நொடியன் சொன்னபோது பேச்சி வீரணனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கேட்க நினைத்தது அந்த ஒன்றைத்தான். தெரிந்து எறிந்தார்களா, தெரியாமல் எறிந்தார்களா என்பதைத்தான்.

"குட்டிகளையும் பால் கொடுக்கிற தாய்களையும் காலையில் அனுப்பச் சொல், என்னால் தாங்க முடியவில்லை என்றாள்" என்று சொன்னபோது வீரணன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"குட்டிகளை அனுப்பச் சொன்னாயா?" என்று ஒச்சம்மாவிடம் கேட்டான்.

"சொன்னேன்."

"எப்போது?"

"அமாவாசைக்கு மறுநாள்."

"எனக்கு அது போதுமே" என்றான் வீரணன். "குட்டிகள் குடித்தால் போதும் என்றுதானே கிடந்தேன். அன்றைக்கு என் மகள் உயிரோடு இருந்தாள்."

ஒச்சம்மா முகத்தை மூடிக்கொண்டாள். நொடியன் சொல்லி முடித்தபோது அந்தி சாய்ந்திருந்தது.

அவனை யாரும் அடிக்கவில்லை. அவன் பக்கம் யாரும் திரும்பக்கூட இல்லை. இரண்டு கூட்டமும் சேர்ந்து கல்லை நகர்த்த மூன்று நாள் ஆயிற்று. ஐந்து குட்டிகளையும் ஒரே இடத்தில் கிடத்தி மணலைத் தள்ளினார்கள். பிறகு ஊற்றைக் கையால் தோண்டினார்கள். நாலாம் நாள் விடியலில் கலங்கலாகத் தண்ணீர் வந்தது. மிஞ்சிய குட்டிகளும் பால் கொடுக்கிற தாய்களும் முதலில் குடித்தார்கள். அப்புறம் முசுக்கள் ஒரு வேளை, குரங்குகள் ஒரு வேளை என்று முறை வைத்துக்கொண்டார்கள்.

ஊற்று யாருடையது என்பதை மட்டும் அவர்கள் கடைசிவரை முடிவு செய்யவில்லை. அதில் தகராறு வரும்போதெல்லாம் வீரணனும் ஒச்சம்மாவும் மணலில் எதிரெதிரே உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்வார்கள். ஏசி முடித்துவிட்டு எழுந்து போவார்கள். நடுவில் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை.

நொடியன் சொல்லி முடித்த அந்த அந்தி வேளையிலேயே காத்தாயி அவனை இறக்கிவிடப் பார்த்தாள். அவன் விரல்கள் கிளையை விட்டு வரவில்லை. ஒன்றை அவள் பிரித்தால் இன்னொன்று இறுகியது. கல் விழுந்தபோது விரிந்த கண்கள் விரிந்தபடியே இருந்தன. அவள் கையால் தடவி மூடிப் பார்த்தாள். கையை எடுத்ததும் திறந்துகொண்டன. பகல் வெளிச்சத்தில் அந்தத் தாய்களின் முகங்களைப் பார்க்க அவனால் முடியவில்லை. எல்லாரும் தூங்கிய பிறகே கிளையை விட்டு நகர்ந்தான். நகரும்போதும் ஒரு கையால் அடுத்த கிளையைத் தொட்டு, அது நிஜமாக அங்கே இருக்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, அப்புறம்தான் முதல் கையை எடுத்தான். அதன் பிறகு அவன் பேசவில்லை. காத்தாயிகூட அவன் குரலைக் கேட்டதில்லை.

அடுத்த ஆடியில் அவர்களுக்கு இரட்டைக் குட்டிகள் பிறந்தன. கண் திறந்த அன்று காத்தாயி அவற்றை மடியில் போட்டுப் பார்த்தாள். இரண்டுக்கும் முகம் முழுக்கக் கண்ணாக இருந்தது. அந்தக் குட்டிகள் கல் உருண்டதைப் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்தவை போலவே விழித்தன.

தேவாங்குகள் இருட்டிய பிறகு மட்டும் வெளியே வருவதும், பிடித்த கிளையை லேசில் விடாமல் அடிமேல் அடி வைத்து நடப்பதும், எதையோ கண்டு திடுக்கிட்டாற்போலச் சத்தமின்றித் திருதிருவென்று விழிப்பதும் அந்தப் பங்குனி மதியத்திலிருந்துதான்.